ஃபுட்டி ஒரு தொழிலாகுமா? ஜிம் ஸ்டைன்ஸை முன்வைத்து ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மெல்பனுக்குக் குடிவந்து சில ஆண்டுகளே ஆன ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: மகனுக்குப் பதினாறு வயது, நல்ல உயரம், இதுவரை கூடைப்பந்து ஆடியவன். இப்போது திடீரென்று ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலுக்கு மாறப் போவதாகவும் அதையே தொழிலாக்கிக்கொள்ளப் போவதாகவும் சொல்கிறான். இங்குள்ள பிள்ளைகளோ ஐந்து வயதிலிருந்தே அந்தப் பந்தோடு திரிகிறவர்கள். இவ்வளவு தாமதமாகத் தொடங்கி யாராவது உருப்பட்டிருக்கிறார்களா? அப்படியே உருப்பட்டாலும் அந்தத் தொழில் எத்தனை காலத்துக்குச் சோறு போடும்?

இரண்டு கேள்விக்கும் ஒரே மனிதரை வைத்துப் பதில் சொல்லலாம். அவர் பெயர் ஜிம் ஸ்டைன்ஸ். அயர்லாந்தின் டப்ளினில் பிறந்து வளர்ந்தவர். பதினெட்டு வயது வரை ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஆட்டம் ஆடியதே இல்லை. இருபத்தைந்து வயதில் அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதை வாங்கினார். "அப்படியானால் என் மகனும்" என்று உடனே கணக்குப் போட்டுவிட வேண்டாம். அவர் எப்படி வாங்கினார், இடையில் என்ன நடந்தது, பிறகு என்ன ஆனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். மைதானம் நீள்வட்டம். கிரிக்கெட் மைதானத்தில்தான் குளிர்காலத்தில் இதை ஆடுகிறார்கள். பக்கத்துக்கு 18 பேர். இருபது நிமிடக் கால் பகுதிகள் நான்கு, பந்து நின்ற நேரத்தை அதன்மேல் கூட்டிக்கொள்வார்கள். கோடியில் நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், அல்லது உதைக்கலாம். உதைத்து வரும் பந்தை ஒருவர் தரையில் விழுமுன் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கலாம், யாரும் தொடக் கூடாது. எதிரணியில் ஒருவர் மட்டும் பந்து பிடிபட்ட இடத்தில் நின்று கையை உயர்த்தி மறைக்கலாம். அந்த இடத்துக்கும் 'மார்க்' என்றே பெயர். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையே இதில் மாட்டிக்கொண்டது.

மெல்பனில் இதை 'ஃபுட்டி' என்பார்கள். சிட்னிக்குப் போய் அதே சொல்லைச் சொன்னால் ரக்பி என்று எடுத்துக்கொள்வார்கள், அது வேறு சண்டை.

ஸ்டைன்ஸ் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் மெல்பன் என்ற ஃபுட்டி சங்கத்தின் (கிளப்பின்) வறுமை. பணத்தில் வறுமை பிறகு வந்தது, அப்போது ஆட்டத்தில். ஆட்ட விதிகளை 1859-இல் எழுதிவைத்ததே இந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்தாம். அப்படிப்பட்ட சங்கம் 1964-க்குப் பிறகு கோப்பையையே தொடவில்லை. 1981-இல் 22 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்றது. அந்த ஆண்டு பயிற்சியாளராகத் திரும்பி வந்திருந்தவர் ரான் பராஸி. வீரராக இதே சங்கத்துக்காக ஆறு கோப்பைகள் வென்றவர், மெல்பனில் அவரைத் தெரியாத வீடு இல்லை. அக்காலத்தில் எந்த ஊர்ப் பையன் எந்தச் சங்கத்துக்கு என்று வரைபடத்தில் எல்லை பிரித்து வைத்திருந்தார்கள். நல்ல பையன்கள் அடுத்தவர் எல்லையில் பிறந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அயர்லாந்து மட்டும் யாருடைய எல்லையிலும் இல்லை. அங்கே ஆடும் கேலிக் ஃபுட்பாலிலும் உயரே எம்பிப் பந்தைப் பிடிக்கிறார்கள், கையால் குத்துகிறார்கள், காற்றில் விட்டு உதைக்கிறார்கள். பந்து உருண்டை, மைதானம் செவ்வகம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பராஸி நினைத்தார்.

அவ்வளவுதான் வித்தியாசம் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

உதவித்தொகை, கல்லூரிப் படிப்பு, ஆட்டப் பயிற்சி என்று அயர்லாந்துப் பத்திரிகையில் மெல்பன் சங்கம் விளம்பரம் கொடுத்தது. டப்ளின் இளையோர் அணியில் ஆடி 1984-இல் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றிருந்த ஸ்டைன்ஸ் அதைப் பார்த்து விண்ணப்பித்தார். 199 சென்டிமீட்டர் உயரம், ஒல்லி உடம்பு. அந்த ஆண்டின் இறுதியிலேயே மெல்பனில் வந்து இறங்கினார்.

இறங்கியவர் கையில் முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கொடுத்தார்கள். உருண்டைப் பந்து தரையில் பட்டால் எங்கே எழும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்தப் பந்து நுனியில் பட்டால் ஒரு பக்கம், வயிற்றில் பட்டால் இன்னொரு பக்கம் ஓடும். இதை வைத்துக்கொண்டு ஓடும்போது 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்டி மறுபடி கையில் வாங்க வேண்டும். உதைப்பது இன்னும் நுணுக்கம். பந்தைத் தொடைக்கு முன்னே ஏறத்தாழச் செங்குத்தாகப் பிடித்து, உதைக்கும் காலின் பக்கத்துக் கையாலேயே வழிநடத்தி விட வேண்டும். அது சாயாமல் நேராக இறங்க வேண்டும். பாதத்தின் மேற்புறம் கீழ்நுனியில் பட வேண்டும். பட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராகப் போகும். இதற்கு 'டிராப் பன்ட்' என்று பெயர். விரலளவு சாய்ந்தால்கூட வேறு திசை. இந்த ஊர்ப் பையன்கள் வீட்டுக் கொல்லையில், பள்ளி இடைவேளையில், அப்பாவோடு பூங்காவில் பல்லாயிரம் முறை உதைத்து உதைத்து இதை மூச்சு விடுவதுபோல் ஆக்கி வைத்திருப்பார்கள். ஸ்டைன்ஸ் அதைப் பதினெட்டு வயதில் தொடங்கினார்.

முதல் இரண்டு ஆண்டுகளில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. 19 வயதுக்குட்பட்டோர் அணியில் தட்டுத் தடுமாறி ஆடினார். 1986-இல் ஒரு படி கீழே இருந்த தொடரில் பிரஹ்ரான் என்ற சங்கத்துக்கு ஆட அனுப்பிவைத்தார்கள். ஊருக்கு மூட்டை கட்டியிருக்க வேண்டிய கட்டம் அது. அவரோடும் அவருக்கு முன்னும் அழைத்துவரப்பட்ட அயர்லாந்துப் பையன்களில் பலர் அப்படித்தான் திரும்பிப் போனார்கள். அவருக்கு முன் வந்து நிலைத்தவர் ஷான் வைட் ஒருவர், அவர் 150 ஆட்டங்கள் ஆடினார். மகனிடம் ஸ்டைன்ஸின் பெயரைச் சொல்லும்போது, திரும்பிப் போனவர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

1987-இல் முதல் அணியில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டே அவருக்கு வாழ்நாள் முழுவதும் மறக்க முடியாத ஒன்றும் நடந்தது.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மெல்பன் அந்தப் பருவத்தில் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்திருந்தது. முதல் ஆட்டத்தில் நார்த் மெல்பனை 118 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கியது, அடுத்ததில் சிட்னியை 76 புள்ளியில். இன்னும் ஒரு படி தாண்டினால் கிராண்ட் ஃபைனல், அதாவது கோப்பைக்கான கடைசி ஆட்டம். அந்தப் படியில் நின்றது முந்தைய ஆண்டுச் சாம்பியன் ஹாதார்ன். இடம் வேவர்லி பார்க். மெல்பன் அணித்தலைவர் ராபி ஃபிளவர் 272 ஆட்டங்கள் ஆடிவிட்டு ஓய்வுபெறக் காத்திருந்தார், ஒரு கிராண்ட் ஃபைனலில்கூட ஆடியதில்லை. ஊரே அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தது.

கடைசி நொடிகளில் மெல்பன் 78, ஹாதார்ன் 74. ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கோலுக்கு ஏறத்தாழ 55 மீட்டர் தூரம். அவ்வளவு தொலைவிலிருந்து கோல் அடிப்பது அநேகமாக முடியாத காரியம். மெல்பன் ஆதரவாளர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தயாராகிவிட்டார்கள். அந்த நேரத்தில் எதிரணி வீரர் ஒருவர் தனியாக நிற்பதை ஸ்டைன்ஸ் பார்த்தார். அவரைக் காவல் காக்க வேண்டும் என்று ஓடினார். குறுக்கு வழியில் ஓடினார். பக்கனாராவுக்கும் மார்க்கில் நின்ற தம் அணி வீரருக்கும் நடுவே!

சின்ன வயதிலிருந்து ஆடிய எவனும் அதைச் செய்ய மாட்டான். பந்து வைத்திருப்பவன் எதிரே குறுக்கே போகக் கூடாது என்பது இங்கே பத்து வயதுப் பையனுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். ஸ்டைன்ஸுக்கு அது புத்தியில் மட்டும் இருந்தது. பதற்றத்தில் புத்தி பின்தங்கிவிடும், உடம்பு தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும். நடுவர் ஊதினார். 15 மீட்டர் தண்டம். பக்கனாரா இப்போது ஏறத்தாழ 40 மீட்டரில் நின்றார். ஆட்ட நேரம் முடிந்த சைரன் ஒலித்தாகிவிட்டது. உதைத்தார், கோல். 80-78. ராபி ஃபிளவரின் ஆட்ட வாழ்க்கை அந்த நொடியில் முடிந்துபோனது.

பயிற்சியாளர் ஜான் நார்தி உடைமாற்றும் அறையில் ஸ்டைன்ஸின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தியது தொலைக்காட்சிக் கேமராவில் பதிவாகிவிட்டது. இருபத்தொரு வயதுப் பையன், சொந்த ஊர் பூமியின் மறுபக்கத்தில், அறை முழுக்கத் தலைகுனிந்த ஆண்கள். அந்தக் காட்சியை இன்றும் ஒளிபரப்புகிறார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தண்டத்தை 15 மீட்டரிலிருந்து 50 மீட்டராக உயர்த்தினார்கள். இன்றைக்கு யாராவது அதே தவறைச் செய்தால் வர்ணனையாளர் வாயில் முதலில் வரும் பெயர் ஸ்டைன்ஸ்தான்.

நீங்கள் கேட்ட தொழில் வாழ்க்கை என்பதன் பொருள் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. அந்த இரவோடு விமானம் ஏறியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு வந்து நின்றார். அதற்கடுத்த வாரமும் நின்றார். 1988-இல் மெல்பன் கிராண்ட் ஃபைனலுக்கே போய் அதே ஹாதார்னிடம் 96 புள்ளியில் தோற்றது, அதுவரை எந்தக் கிராண்ட் ஃபைனலிலும் இல்லாத படுதோல்வி. அதற்குப் பிறகும் வந்து நின்றார். 1987 பருவத்தின் பிற்பாதியில் தொடங்கி 1998 வரை, ஒரு வாரம்கூட விடாமல், தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள். 2025-இல் காலிங்வுட்டின் ஜாக் கிரிஸ்ப் தாண்டும் வரை, இந்தத் தொடரின் வரலாற்றிலேயே அதற்கு மேல் யாரும் ஆடியதில்லை. நீண்ட காலம் அவருக்கு அடுத்த இடத்தில் 226 ஆட்டங்களோடு இருந்தவரும் மெல்பன்காரர்தான், ஆடம் ஈஸ்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் அவர் ஆடிய இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ரக்மேன். அக்காலத்தில் ஒவ்வொரு கால் பகுதியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் பந்தை மைதான மையத்தில் தரையில் அறைந்து உயரே எழுப்புவார். இரு அணியின் உயரமான ஆட்களும் இரண்டு பக்கத்திலிருந்து ஓடிவந்து எம்பி மோதி, தம் ஆட்கள் பக்கம் பந்தைத் தட்டிவிட வேண்டும். நூறு கிலோ உடம்புகள், முழங்காலோடு முழங்கால், விலாவோடு முழங்கை. ஓரக்கோட்டில் பந்தை உள்ளே எறியும்போதும் இதே மோதல். ரக்மேன்களின் முழங்கால்கள் சேதமாவதைப் பார்த்துப் பார்த்து, 2005-இல்தான் மையத்தில் பத்து மீட்டர் வட்டம் போட்டு ஓட்டத்தின் தூரத்தைக் குறைத்தார்கள். ஸ்டைன்ஸ் காலத்தில் அந்த வட்டம் இல்லை. விலாவில் பலத்த அடிபட்டும் அவர் மறுவாரம் ஆடிய கதைகள் மெல்பன் ஆதரவாளர்கள் மத்தியில் உண்டு.

அக்காலத்து ரக்மேன்கள் பந்தைத் தட்டிவிட்டு மூச்சு வாங்கி நிற்பார்கள். ஸ்டைன்ஸ் தட்டிவிட்டு ஓடினார். பந்து போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே ஓடி, பின்களத்தில் ஒரு மார்க், நடுக்களத்தில் ஒரு ஹேண்ட்பால், மறுபடி முன்களத்தில் என்று, இன்னொரு நடுக்கள வீரரைப்போல் ஆடினார். கேலிக் ஆட்டத்தில் கிடைத்த ஓட்டம் அது. கடைசி வரை அவருடைய உதை அழகானது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவ்வளவு உயரத்தில் அவ்வளவு ஓட்டத்தை எதிரணிகளால் சமாளிக்க முடியவில்லை. உங்கள் மகன் கவனிக்க வேண்டியது இதைத்தான்: இந்த ஊர்ப் பையன்களின் பலத்தில் அவர்களை எட்டிப் பிடிக்க ஸ்டைன்ஸ் ஆயுளைச் செலவிடவில்லை, தாம் கொண்டுவந்த சரக்கை ஆட்டத்துக்குள் இறக்கினார்.

1991-இல், தொடக்கத்தில் சொன்ன அந்த உயர்ந்த விருது, பிரௌன்லோ பதக்கம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்களே மூன்று பேருக்கு 3, 2, 1 என்று வாக்கு போட்டு உறையில் இட்டு வைப்பார்கள். பருவ முடிவில் ஒரே இரவில் எல்லா உறைகளையும் பிரித்து எண்ணுவார்கள். முரட்டு ஆட்டத்துக்காகத் தடைபெற்றவர் எத்தனை வாக்கு வாங்கினாலும் பதக்கம் கிடையாது. ஸ்டைன்ஸ் 25 வாக்குகள் பெற்றார். வெளிநாட்டிலிருந்து சங்கம் அழைத்துவந்த வீரர்களில் இந்தப் பதக்கத்தை வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. மெல்பன் சங்கத்தின் சிறந்த வீரர் விருதை நான்கு முறை வாங்கினார். அதில் மூன்று 1995, 1996, 1997 என்று வரிசையாக, அதாவது முப்பதை நெருங்கியும் தாண்டியும்.

1998-இல் கை எலும்பு முறிந்தது. 244 அங்கே நின்றது. அந்தப் பருவத்தோடு ஓய்வு. மொத்தம் 264 ஆட்டங்கள், 130 கோல்கள், வயது 32. கோப்பை ஒன்றுகூட இல்லை.

இந்தச் சாதனையை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன் என்று சொல்ல முடியாது. அடிபட்ட உடம்போடு ஆடுவது வீரம் என்று நம்பிய காலத்தின் சாதனை அது. பாலி ஃபார்மர், டேனி ஃபிராலி, ஷேன் டக் ஆகிய மூன்று முன்னாள் வீரர்களின் மூளையை இறந்த பிறகு ஆராய்ந்தபோது, தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் வரும் மூளைச்சிதைவு நோய் இருந்தது தெரியவந்தது. இப்போது தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் முடிவு செய்தால் குறைந்தது 12 நாட்கள் ஆடக் கூடாது, வீரர் என்ன கெஞ்சினாலும் சரி. இதே மெல்பன் அணியின் ஆங்கஸ் பிரேஷா 2023 இறுதிச் சுற்றில் தலையில் அடிபட்டு மைதானத்திலேயே நினைவிழந்தார். சில மாதங்களில், 28 வயதில், மருத்துவ ஆலோசனைப்படி ஆட்டத்தையே விட்டார். 244 முறியடிக்கப்படாமலே போயிருந்தாலும் எனக்கு வருத்தம் இருந்திருக்காது.

இனி சோறு போடுமா என்ற கேள்வி. ஸ்டைன்ஸ் ஆடத் தொடங்கியபோது இது அரைநேரத் தொழில். பகலில் வேலையோ படிப்போ, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். அவரும் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு படித்துக்கொண்டே ஆடினார். இன்று நிலைமை தலைகீழ். 18 சங்கங்கள், ஒவ்வொன்றிலும் நாற்பதுக்கு மேல் வீரர்கள், மொத்தம் ஏறத்தாழ 800 பேர், எல்லோருக்கும் முழுநேரச் சம்பளம். 2023-இல் வீரர்களின் தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஆண்கள் தொடரின் சராசரிச் சம்பளம் 2027-க்குள் ஆண்டுக்கு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும்.

சராசரி என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். நட்சத்திரங்கள் பத்து லட்சம் வாங்குவதால் மேலே தூக்கிய கணக்கு அது. புதிதாக வரும் பையன் வாங்குவது அதில் ஒரு பகுதிதான். அவனுக்கு எந்த ஊர், எந்தச் சங்கம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. 1986 முதல் 'டிராஃப்ட்' முறை இருக்கிறது. பருவத்தில் கடைசியாக வந்த சங்கம் முதலில் எடுக்கும், கோப்பை வென்றது கடைசியில் எடுக்கும். நவம்பர் இரவு ஒன்றில் பெயர் படிப்பார்கள். மெல்பனில் வளர்ந்த பதினெட்டு வயதுப் பையன் சில நாட்களில் பெர்த்தில் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பான். வந்தவுடன் கோடை வெயிலில் ஓட்டப் பயிற்சி. மார்ச் முதல் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை வரை ஆட்டம். பருவம் முடிந்ததும் ஒவ்வொரு சங்கமும் சிலரை அழைத்து அடுத்த ஆண்டு நீ வேண்டாம் என்று சொல்லும். இதற்கு 'டீலிஸ்ட்' என்று பெயர். இருபது, இருபத்தொரு வயதில், ஓர் ஆட்டம்கூட முதல் அணியில் ஆடாமலே இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அவர்கள் பெயர் செய்தித்தாளில் ஒரு வரியில் வந்து போகும்.

அதனால்தான் ஸ்டைன்ஸின் இரண்டாம் பாதியை விரிவாகவே சொல்ல நினைக்கிறேன். ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1994-இல், பால் கரி என்பவரோடு சேர்ந்து 'ரீச்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பதின்ம வயதுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பயம், அவமானம், தோல்வி ஆகியவற்றைப் பற்றி வாய்விட்டுப் பேசவைக்கும் பட்டறைகள் அதன் வேலை. நாடே பார்க்க அவமானப்பட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் பிள்ளைகள் கேட்கத்தானே செய்வார்கள். ஓய்வுக்குப் பிறகு, மைதானத்தில் இனவசைக்கு எதிரான விதிகளைப் பற்றி வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பணியையும் செய்தார்.

2008-இல் மெல்பன் சங்கம் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கடனில் மூழ்கிக்கிடந்தது. 1996-இல் ஹாதார்னோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு வாக்கெடுப்பு வரை போய், ஹாதார்ன் உறுப்பினர்கள் மறுத்ததால் பிழைத்த சங்கம் அது. மறுபடியும் அதே வாசலில் நின்றது. ஸ்டைன்ஸ் தலைவர் பொறுப்பை ஏற்றார். விருந்து நடத்தினார், செல்வந்தர்களின் கதவைத் தட்டினார், உறுப்பினர்களிடம் கையேந்தினார். அடுத்த ஆண்டு முதுகில் இருந்த ஒரு கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது, பிறகு அது மூளை வரை பரவியது. அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே தலைவர் பொறுப்பைத் தொடர்ந்தார். ஆகஸ்ட் 2010-இல் கடன் தீர்ந்தது. ஆட்டத்தில் மட்டும் மீட்சி இல்லை. ஜூலை 2011-இல் ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் அணி தோற்றது, மறுநாளே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஸ்டைன்ஸ் அப்போது கடுமையான நோயோடு போராடிக்கொண்டிருந்தார்.

20 மார்ச் 2012 அன்று, 45 வயதில் காலமானார். செயின்ட் பால் தேவாலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. யாரா ஆற்றின் கரையில் ஒரு நடைபாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அயர்லாந்துக்கு எதிராக ஆடும் சர்வதேசத் தொடரில் ஆஸ்திரேலியாவின் சிறந்த வீரருக்குத் தரும் பதக்கமும் அவர் பெயரில்தான்.

அவர் தலைவராக இருந்த 2009 டிராஃப்டில், 34-ஆவது இடத்தில், மெல்பன் ஒரு நெட்டையான பையனை எடுத்தது. பெயர் மேக்ஸ் கான். ரக்மேன். 2021-இல் பெர்த்தில் 57 ஆண்டுகளுக்குப் பிறகு மெல்பன் கோப்பையை வென்றபோது அணித்தலைவராக அதைத் தூக்கியவர் அவர்தான்.

ஸ்டைன்ஸ் போட்ட பாதையில் பிறகு பலர் வந்தார்கள். அயர்லாந்தின் கெரியிலிருந்து வந்த டைக் கென்னலி 2005-இல் சிட்னி அணியோடு கோப்பை வென்றார், 2009-இல் ஊர் திரும்பி அகில அயர்லாந்துப் பட்டத்தையும் வென்றார். ஜீலாங்கின் ஜாக் டூஹி, ஸ்டைன்ஸின் 264-ஐத் தாண்டி 288 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். உங்கள் மகனுக்கு இன்னும் பொருத்தமான பெயர் மேசன் காக்ஸ். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர், 211 சென்டிமீட்டர், இருபது வயது தாண்டிய பிறகே இந்தப் பந்தைத் தொட்டவர், 2023-இல் காலிங்வுட் அணியோடு கோப்பை வென்றார். ஆக, முதல் கேள்விக்குப் பதில் ஆம். ஆனால் இந்த வழியில் வருபவர்களுக்குச் சங்கங்கள் ஒதுக்கும் இடங்கள் மிகச் சில. அவையும் அசாதாரணமான உயரத்துக்கும் ஓட்டத்துக்கும்தான்.

மகனுக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்காகச் சங்கங்கள் 2016 முதல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி' என்ற பயிற்சிக்கூடங்களை நடத்துகின்றன. உங்கள் பகுதி எந்தச் சங்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, இந்த ஆண்டுத் தகுதி விதிகள் என்ன என்று அவர்களிடமே கேளுங்கள். பள்ளிப் படிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த விடாதீர்கள். ஸ்டைன்ஸை இங்கே வரவழைத்த விளம்பரத்தில் கல்லூரியும் இருந்தது என்று சொல்லுங்கள், கேட்பான்.

அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது மிகச் சாதாரணமான காரியம். உங்கள் புறநகரின் உள்ளூர்ச் சங்கத்தில் அவன் வயதுக்கான அணியில் பெயர் கொடுங்கள். பெரும்பாலும் செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி இருக்கும். உயரமான பையனைக் கண்டால் பயிற்சியாளருக்குச் சந்தோஷம்தான், முதல் நாளே ரக்கில் நிறுத்திவிடுவார். பல் மருத்துவரிடம் அளவு கொடுத்துப் பற்காப்பு ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் விற்பது போதாது. பந்தும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நல்ல தோல் பந்தாக இருக்கட்டும், ஆனால் முதல் மாதம் வீட்டு ஜன்னல் பக்கம் உதைக்க விடாதீர்கள்.